டென்னிஸ் கோச் வேலையில் சட்டக் கல்லூரிக் கட்டணம் கட்டுவது எப்படி

"வக்கீலுக்குப் படிக்கிறேன்னு சொல்லிட்டுப் போன. எப்ப போன் பண்ணாலும் பந்துச் சத்தம்தான் கேக்குது. அங்க என்னதான்டி நடக்குது?"

அமெரிக்காவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த என்னிடம் என் அம்மா மதுரையிலிருந்து இரண்டு வருடம் கேட்ட கேள்வி இது. காலையில் ஒப்பந்தச் சட்டம், மதியம் டென்னிஸ் கோர்ட், ராத்திரி மறுபடியும் சட்டம் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பந்து பொறுக்கிப் போட்டால் காலேஜ் ஃபீஸ் கட்டுவார்களா என்று திருப்பிக் கேட்பார். கட்டுவார்கள். ஆனால் எதைக் கட்டுவார்கள், எதைக் கட்ட மாட்டார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இதே வழியை யோசிக்கும் பிள்ளைகள் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டு அணிகளில் ஹெட் கோச்சுக்குக் கீழே 'கிராஜுவேட் அசிஸ்டென்ட்' என்று ஒரு வேலை உண்டு. சுருக்கமாக ஜிஏ. பட்டம் முடித்து மேற்படிப்பில் சேர்ந்தவருக்கு மட்டும்தான் அது. வாரம் 20 மணி நேர வேலை. பதிலுக்குச் சிறிய ஸ்டைபெண்ட் (மாதச் செலவுக்கான பணம்), அதோடு படிப்புக் கட்டணத்தில் தள்ளுபடி. இதில் சேருகிறவர்களில் பெரும்பாலோர் விளையாட்டு நிர்வாகம், உடற்கல்வி, எம்பிஏ மாதிரி இரண்டு வருடப் படிப்புக்காரர்கள். ஜேடி என்ற மூன்று வருடச் சட்டப் பட்டம் படிக்கும் ஆள் வந்து நின்றால் விளையாட்டுத் துறையும் முழிக்கும், சட்டக் கல்லூரியும் முழிக்கும்.

இது நான் கண்டுபிடித்த வழி ஒன்றும் இல்லை. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்டு 1935-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு உதவி கோச்சாகச் சேர்ந்தார். வருடச் சம்பளம் 2,400 டாலர். கிரீன் பே பேக்கர்ஸ், டெட்ராய்ட் லயன்ஸ் என்ற தொழில்முறை அணிகள் ஆட அழைத்தும் போகவில்லை. கோச்சாக இருந்துகொண்டே யேலில் சட்டம் படிக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. சட்டக் கல்லூரி முதலில் சேர்க்க மறுத்தது. முழு நேர வேலை பார்ப்பவர் எப்படிப் படிப்பார் என்ற சந்தேகம். 1937 கோடையில் மிஷிகனில் சில சட்டப் பாடங்களைப் படித்துக் காட்டினார். 1938-இல் சோதனை முறையில் சேர்த்துக்கொண்டார்கள், 1941-இல் முடித்தார். அவருக்கும் முன்னால் பிராஞ்ச் ரிக்கி மிஷிகனில் சட்டம் படித்துக்கொண்டே அந்தப் பல்கலைக்கழக பேஸ்பால் அணிக்குக் கோச்சாக இருந்து 1911-இல் பட்டம் வாங்கினார். கறுப்பின பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனை, வெள்ளையர் மட்டுமே ஆடிய காலத்தில், டாட்ஜர்ஸ் அணிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

ஃபோர்டு கதையில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். கோச் வேலை சட்டக் கல்லூரிக் கதவைத் திறக்காது. எல்சாட் என்ற சட்ட நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் கல்லூரி மதிப்பெண்ணும்தான் திறக்கும். அதனால் முதலில் சட்டக் கல்லூரி அனுமதி, பிறகு கோச் வேலை. தலைகீழாகப் போனவர்கள் பாதியில் விளையாட்டு நிர்வாக எம்.ஏ.வில் போய் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

'முழுக் கட்டணத் தள்ளுபடி' என்றால்

விளம்பரத்தில் 'முழுக் கட்டணத் தள்ளுபடி' என்று போட்டிருப்பார்கள். அங்கேயே நிறுத்திப் படியுங்கள். எந்தக் கட்டணம்?

பல பல்கலைக்கழகங்களில் ஜிஏ தள்ளுபடியை நிர்வகிப்பது கிராஜுவேட் ஸ்கூல். சட்டக் கல்லூரி அதற்குள் வராது. அதற்குத் தனிக் கட்டணம், தனி பில். சில இடங்களில் சட்டம், மருத்துவம், பல் மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்குத் தள்ளுபடியே இல்லை என்று விதியில் எழுதியிருக்கும். சில இடங்களில் உண்டு, ஆனால் சாதாரண மேற்படிப்புக் கட்டண அளவுக்குத்தான். மிச்சத்தை நாம் கட்ட வேண்டும். இன்னும் சில இடங்களில் ஒரு செமஸ்டருக்கு 9 கிரெடிட் வரைதான். சட்டக் கல்லூரி முதல் வருடத்தில் செமஸ்டருக்கு 15 கிரெடிட் வாக்கில் வரும். வெளிமாநில மாணவருக்கான கூடுதல் கட்டணத்தை மட்டும் கழித்துவிட்டு அதையே தள்ளுபடி என்று சொல்லும் இடங்களும் உண்டு.

எனக்கு இரண்டு இடங்களில் வேலை கிடைத்தது. முதல் இடத்தில் 'முழுத் தள்ளுபடி'. வீட்டுக்குப் போன் பண்ணி இனிப்பு வாங்கச் சொல்லும் அளவுக்குச் சந்தோஷம். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சட்டக் கல்லூரிக் கட்டணம் கிரெடிட்டுக்கு 900 டாலர், வருடத்துக்கு 30 கிரெடிட், ஆக 27,000. தள்ளுபடியோ மேற்படிப்புக் கணக்கில் கிரெடிட்டுக்கு 500 டாலர், வருடத்துக்கு 18 கிரெடிட், ஆக 9,000. இலவசம் என்று சொன்ன படிப்புக்குக் கைக்காசு 18,000 டாலர்! இரண்டாம் இடத்தில் 'முழு' என்ற வார்த்தையே இல்லை. விளையாட்டுத் துறை தன் பட்ஜெட்டிலிருந்து வருடத்துக்கு 20,000 டாலர் சட்டக் கல்லூரிக்கு நேராகக் கட்டும் என்று ஒரே வரிதான் இருந்தது. கட்டணம் 26,000. சட்டக் கல்லூரி தானாகவே 6,000 உதவித்தொகை கொடுத்திருந்தது. இரண்டும் சேர்ந்து சரியாக வந்தது. அங்கேதான் சேர்ந்தேன்.

சேருமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். வெளியிலிருந்து பணம் வந்தால் தன் உதவித்தொகையைக் குறைத்துவிடும் சட்டக் கல்லூரிகள் உண்டு. இதற்கு நான் செய்தது: விளையாட்டுத் துறையின் பிசினஸ் மேனேஜர், சட்டக் கல்லூரியின் நிதியுதவி அலுவலர் இருவரையும் ஒரே மின்னஞ்சலில் போட்டு, "இந்த 20,000, அந்த 6,000-உடன் சேர்ந்து என் கணக்கில் வரவாகுமா? ஆமாம் அல்லது இல்லை என்று இருவரும் பதில் போட முடியுமா?" என்று எழுதினேன். ஒரே வளாகம், பத்து நிமிட நடை. அதுவரை இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை. பதில் வர மூன்று வாரம் ஆனது. வந்ததை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டாம் வருடம் பில்லில் குளறுபடி வந்தபோது அந்தத் தாள்தான் காப்பாற்றியது.

சட்டக் கல்லூரிகளின் உண்மையான கட்டணமும் உதவித்தொகையும் தெரிய வேண்டுமா? அமெரிக்க வழக்கறிஞர் சங்கமான ஏபிஏ-வின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் '509 அறிக்கை' என்று ஒன்றை வருடந்தோறும் டிசம்பரில் வெளியிட வேண்டும். எத்தனை பேருக்கு எவ்வளவு உதவித்தொகை, மதிப்பெண் குறைந்ததால் அதை இழந்தவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் கடைசி எண்ணிக்கையைக் கட்டாயம் பாருங்கள். கோச் வேலை பார்த்துக்கொண்டு படிக்கும்போது மதிப்பெண் சரியத்தான் பார்க்கும்.

106 டாலர்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் ஸ்டைபெண்ட் மாதம் 900 டாலர், பத்து மாதம். முதல் நவம்பரில் வங்கிக் கணக்கைத் திறந்தால் 106 டாலர் விழுந்திருக்கிறது. தவறு என்று நினைத்துச் சம்பளப் பிரிவுக்கு ஓடினேன். அங்கிருந்த பெண்மணி பொறுமையாகச் சம்பளச் சீட்டை விரித்துக் காட்டினார். நான் கண்ணிலேயே பார்க்காத 4,750 டாலர் அதில் என் வருமானமாக ஏறியிருந்தது.

காரணம் இது. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு, பாடம் நடத்தும் அல்லது ஆய்வு செய்யும் மேற்படிப்பு மாணவருக்குக் கிடைக்கும் கட்டணத் தள்ளுபடிக்கு வரி விலக்கு தருகிறது. கோச் அந்த இரண்டிலும் வரமாட்டார். நமக்கு மிஞ்சுவது 127-ஆம் பிரிவு. முதலாளி தரும் கல்வி உதவியில் ஒரு நாட்காட்டி வருடத்துக்கு 5,250 டாலர் வரை வரி இல்லை. அதற்கு மேல் வருவது சம்பளம். எனக்கு அந்த செமஸ்டருக்கு 10,000 கட்டினார்கள். 5,250 போக 4,750. அதை மொத்தமாக ஒரே மாதச் சம்பளத்தில் ஏற்றி, அதற்கான வரியை என் 900-இலிருந்து பிடித்துவிட்டார்கள்.

எல்லாப் பல்கலைக்கழகமும் ஒரே மாதிரி செய்வதில்லை. ஆகவே சேருவதற்கு முன்பே கேளுங்கள்: "தள்ளுபடியை வருமானமாகக் காட்டுவீர்களா? காட்டினால் எந்த மாதம்? செமஸ்டர் முழுக்கப் பிரித்துப் பிடிக்க முடியுமா?" அடுத்த செமஸ்டரில் நான் கேட்டேன், பிரித்தார்கள். வருடக் கடைசியில் கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்ததில் பெரும்பகுதி திரும்பி வரும், ஏனென்றால் நம் மொத்த வருமானம் குறைவு. ஒரு நல்ல செய்தியும் உண்டு. வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொதுவாக ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (வரி போடுமுன் வருமானத்தில் கழிக்கும் நிலையான தொகை) கிடையாது. இந்திய மாணவர்களுக்கு மட்டும் இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு அதைத் தருகிறது. வரித் தாக்கல் செய்து தருகிறவருக்கே சில சமயம் இது தெரியாது, நாம்தான் எடுத்துக் காட்ட வேண்டும். எப்படியோ, அந்த நவம்பர் முழுக்க ரசம் சாதம்தான்.

ஹெட் கோச் கேட்கும் ஒரே கேள்வி

வேலை தேட, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ நடத்தும் வேலைவாய்ப்புத் தளமும், ஒவ்வொரு விளையாட்டுக்கும் உள்ள கோச்கள் சங்கங்களின் பக்கங்களும் போதும். டென்னிஸுக்கு ஐடிஏ என்ற சங்கம். ஆனால் விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு அனுமதி கொடுத்த சட்டக் கல்லூரிகள் இருக்கும் வளாகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கிருக்கும் ஹெட் கோச்களுக்கு நேராக எழுதுங்கள். நான் டிசம்பரில் 14 பேருக்கு எழுதினேன், நான்கு பேர் பதில் போட்டார்கள். ஆறு வரி போதும்: எங்கே ஆடினேன், என்ன செய்யத் தெரியும், எந்தச் சட்டக் கல்லூரி, எப்போது சேருகிறேன். 'என் வாழ்நாள் கனவு' எல்லாம் வேண்டாம். அவருக்கு வேண்டியது வேன் ஓட்டவும், பயிற்சிக்குப் பந்து போட்டுக் கொடுக்கவும், ராக்கெட்டுக்கு நரம்பு கட்டவும் தெரிந்த ஓர் ஆள்.

எனக்கு வேலை கொடுத்தவர் நேர்காணலில் வேறெதுவும் கேட்கவில்லை. "ஏப்ரல் கடைசியில் நீ எங்கே இருப்பாய்?" என்றார்.

நல்ல கேள்வி. கல்லூரி டென்னிஸில் அணிப் போட்டிகள் ஜனவரியில் தொடங்கி, கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் கூட்டமைப்பு) போட்டி ஏப்ரல் கடைசியில் வரும். சட்டக் கல்லூரித் தேர்வும் அதே வாரத்தில்தான் தொடங்கும். பெரும்பாலான பாடங்களுக்கு செமஸ்டர் முழுதுக்கும் ஒரே தேர்வு, அதிலேயே மொத்த மதிப்பெண்ணும். வாலிபால், சாக்கர், கிராஸ் கன்ட்ரி கோச்களுக்கு நவம்பரோடு பெரிய பாரம் இறங்கிவிடும், டிசம்பர் தேர்வுக்கு மூச்சு விடலாம். எந்த விளையாட்டில் வேலை தேடலாம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி உங்களுக்கு இருந்தால் டென்னிஸைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எனக்கு அந்த வசதி இல்லை. டென்னிஸைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

பதிலுக்கு நான் இரண்டு காலண்டர்களை ஒரே தாளில் வரைந்து அவர் முன் வைத்தேன். மோதும் மூன்று நாட்களைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தேன். தேர்வுத் தேதி மாற்றம் கேட்க வேண்டியது சட்டக் கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில். பேராசிரியரிடம் போகக் கூடாது, ஏனென்றால் விடைத்தாள்களில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். 'எனக்குப் போட்டி இருக்கிறது' என்று பேராசிரியரிடம் போய் நின்றால் நாம் யார் என்பது தெரிந்துவிடும். பிப்ரவரியிலேயே மனு கொடுத்தேன். மூன்றில் இரண்டு கிடைத்தது. மூன்றாவதுக்கு, அணி அரையிறுதி ஆடிக்கொண்டிருந்த மத்தியானம் நான் சொத்துச் சட்டத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு அனுமதியும் தேவை. முழு நேர சட்ட மாணவர் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்று ஏபிஏ ஒரு விதி வைத்திருந்தது. 2014-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் பல கல்லூரிகள் தங்கள் சொந்த விதியாக அதை இன்னும் வைத்திருக்கின்றன, முதல் வருடத்தில் வேலையே கூடாது என்பவையும் உண்டு. மறைத்துச் சேராதீர்கள். நாளைக்கு வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது நடத்தை விசாரணை உண்டு, மறைத்தது அங்கே வந்து நிற்கும். மாணவர் நலன் டீனிடம் போய்ச் சொல்லி அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருந்தால் 20 மணி நேரம் என்பது சட்டமே. கல்லூரி நடக்கும் காலத்தில் வளாக வேலை அதற்கு மேல் கூடாது. விளையாட்டுத் துறையில் யாரும் மணி பார்த்து வேலை செய்வதில்லை. ஒரு வெளியூர்ப் போட்டிக்குப் போனாலே 20 மணி நேரம் ஓடிவிடும். 'நான் விருப்பப்பட்டுத்தான் கூட இருந்தேன்' என்பது செல்லாது. நான் ஒரு சின்ன நோட்டில் தினமும் நேரம் குறித்து வைத்தேன். வியாழக்கிழமை 18-ஐத் தொட்டதும் ஹெட் கோச்சிடம் நோட்டைக் காட்டுவேன். முதல் மாதம் சலித்துக்கொண்டார். பிறகு அவரே, "இன்றைக்கு எத்தனை?" என்று கேட்க ஆரம்பித்தார். கூடுதல் தகவல்: தொகைகள் தெளிவாக எழுதிய ஆஃபர் லெட்டர் இருந்தால் மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் வாங்கும்போது நிதி ஆதாரமாக அதையும் காட்டலாம்.

எப்போது படித்தேன்

நரம்பு கட்டும் மெஷின் முன்னால். ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவதை மதுரையில் நாங்கள் 'கட்டிங்' என்போம். வேறு கட்டிங்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எங்கள் பெண்கள் எட்டுப் பேர், வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ராக்கெட் அறுந்து வரும். நெடுக்கில் 16, குறுக்கில் 19. ஒரு ராக்கெட்டுக்கு அரை மணி நேரம். நெடுக்குக் கட்டும்போது கவனம் தேவையில்லை, கை தானாகப் போகும். என் குரலிலேயே பதிவு செய்த வழக்குச் சுருக்கங்களைக் காதில் ஓட விடுவேன். குறுக்குக்கு வந்தால் மேலே கீழே மேலே கீழே என்று கோக்க வேண்டும், அப்போது நிறுத்திவிட்டு, கேட்டதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ஒருமுறை கவனக்குறைவு வழக்கு ஒன்றில் மூழ்கி இரண்டு வரிசை தப்பாகக் கோத்துவிட்டேன். அந்தப் பெண் மறுநாள் முதல் ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

வேனில் படிக்க முடியாது, குமட்டும். அதற்குப் பதில் வழக்குகளைப் பெண்களிடம் கதையாகச் சொல்வேன். அவர்களுக்குப் பிடித்தது போபோவ் எதிர் ஹயாஷி. 2001-இல் பேஸ்பால் வீரர் பாரி பாண்ட்ஸ் அடித்த 73-ஆவது ஹோம் ரன் பந்து ஒருவர் கையுறையில் பட்டது, கூட்டம் அவரை அமுக்கியது, பந்து இன்னொருவர் கைக்குப் போனது. யாருக்குச் சொந்தம்? இரண்டு மணி நேரச் சாலைப் பயணம் முழுக்கச் சண்டை. விற்றுப் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளச் சொன்னார் நீதிபதி என்றதும் பின் சீட்டிலிருந்து ஒரே கூச்சல். அந்தத் தேர்வில் 'உடைமை' பற்றி வந்த கேள்விக்கு நான் புத்தகத்தைத் திறந்தே படித்திருக்கவில்லை.

கடன் பற்றி ஒரு வார்த்தை. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் மிச்சத் தொகைக்குக் கூட்டரசுக் கடன் வாங்கலாம். ஆனால் 2025-இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு மேற்படிப்புக்கான 'கிராட் பிளஸ்' கடன் கிடையாது. சட்டம் படிப்போருக்கு வருடத்துக்கு 50,000, மொத்தம் 200,000 டாலர் என்று உச்சவரம்பு. தனியார் பல்கலைக்கழகமாக இருந்தால் கட்டணத்துக்கே அது பற்றாது. இதனால் ஜிஏ வேலைக்குப் போட்டி கூடும் என்பது என் ஊகம்.

வேலை நிரந்தரம் என்றும் நம்பிவிடாதீர்கள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. ஹெட் கோச் மாறினால் உங்களுக்கும் ஆட்டம் காணும். கல்லூரி வீரர்கள் பணம் கேட்டு என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசம் 2025 ஜூனில் ஒப்புதல் பெற்றது. அதன்படி ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு, முதல் வருடமான 2025-26-இல், சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை நேராகப் பகிர்ந்து கொடுக்கலாம் என்று ஆனது. அந்தப் பணம் எங்கிருந்தாவது வர வேண்டுமே! டென்னிஸ் மாதிரி வருமானமில்லாத அணிகளில் கத்தரி விழுகிறது. என் மூன்றாம் வருடத்தில் டென்னிஸ் ஜிஏ இடம் போய்விட்டது.

நான் அதை இரண்டாம் வருடக் கிறிஸ்துமஸிலேயே மோப்பம் பிடித்திருந்தேன். விளையாட்டுத் துறைக்குள்ளேயே 'கம்ப்ளையன்ஸ்' அலுவலகம் இருக்கிறது. என்சிஏஏ விதிகளை அணிகள் மீறாமல் பார்ப்பது அதன் வேலை. அங்கே சட்டம் படித்த ஆளுக்கு மதிப்பு. அந்த வருட வசந்தத்தில் மாதம் ஒருமுறை அங்கே போய் உட்கார்ந்து, அணியின் பயிற்சி நேரப் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுத்து முகப்பழக்கம் பிடித்து வைத்தேன். ஆகஸ்டில் அங்கே ஜிஏ ஆனேன், அதே தொகை, அதே 20,000. உங்களால் முடிந்தால் மூன்றாம் வருடத்தை விளையாட்டுக் கோர்ட்டில் கழிக்காமல் அங்கே கழியுங்கள். வேன் கிடையாது, வெயில் கிடையாது, வேலை தேடும்போது ரெஸ்யூமேயில் போடவும் உதவும்.

நரம்பு கட்டும் அறையின் சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முந்தின நாள், சட்டக் கல்லூரித் தோழி ஒருத்தி தன் பழைய ராக்கெட்டைக் கொண்டுவந்தாள். கட்டிக் கொடுத்தேன். காசு நீட்டினாள், எஃப்-1-இல் வாங்கக் கூடாது என்றேன். மறுநாள் மேசையில் ஒரு வாழைப்பழ கேக் இருந்தது. அது அன்பளிப்பா, கூலியா என்று அரை மணி நேரம் யோசித்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.